மூட்டைத்தாளுக்கு ஐந்து மதிப்பெண்

இருட்டு கலையுமுன்னே இரும்புக் கதவுக்கு முன்னால் வரிசை நின்றுவிடும். ஒரு காலத்தில் பஞ்சு போட்டுவைத்த கிடங்கு அது. பஞ்சு போய்ப் பல வருஷம் ஆகியும், மின்விசிறியைப் போட்டால் நாலு துணுக்காவது மூக்கில் வந்து ஏறும். கைப்பேசியை வாசலில் மரப்பெட்டியில் போட்டுவிட்டு, இரும்பு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தன் எண்ணைத் தட்டினால் திரை விழிக்கும். முதல் தாள் வந்து நிற்கும். ஓரத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

எங்கோ ஒரு ஹைஸ்கூலில் ஒரு பிள்ளை வியர்த்து விறுவிறுத்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை அது. பள்ளிப்படிப்பு முடிகிற வருஷம் எல்லாரும் எழுதியாக வேண்டும். காலேஜில் போய் எழுதிப் பிழைக்க இந்தப் பிள்ளைக்குத் தெம்பு உண்டா என்று அதை வைத்துத்தான் முடிவு. ஆறுக்கு நாலு வாங்கினால் காலேஜ். மூன்று என்றால் 'பாலம்' வகுப்பு. ஒரு வருஷம், கழுத்தை நெரிக்கிற கட்டணம், பிறகு மறுபடி இதே கட்டுரை. தாள் திருத்துகிற கம்பெனியும் பாலம் நடத்துகிற கம்பெனியும் ஒன்றே. பள்ளிக்கூடங்களின் ஆங்கில வகுப்பைக் குத்தகைக்கு எடுத்து, அச்சடித்த புத்தகம் ஒன்றைப் பிள்ளைகள் கையில் திணிப்பதும் அதே கம்பெனி. விதை விற்கிறவனும் அவன், விளைந்ததை எடை போடுகிறவனும் அவன், எடை குறைகிறது என்று மறுபடி விதை விற்கிறவனும் அவன்.

அந்தப் புத்தகத்தால் வேலை போனவர்கள்தான் இந்தக் கிடங்கில் உட்கார்ந்து தாள் திருத்தினார்கள். மூன்றாவது வரிசை ஓரத்துக்காரியும் ஒரு ஹைஸ்கூல் ஆங்கில டீச்சராக இருந்தவள்தான். இங்கே அவளுக்கு முரடி என்று பேர். கல்குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றியவரின் மகள். கையும் வாயும் கல் மாதிரி. "நீ என்ன சொல்ற? ஏன் சொல்ற? உன்ன எதுக்கறவன் என்ன சொல்வான்? அவனுக்கு என்ன பதில் வச்சிருக்க?" இந்த நாலு கேள்வியையும் வகுப்பில் கேட்டுக் கேட்டே பிள்ளைகளை எழுத வைத்தவள். கம்பெனி புத்தகத்தில் அந்த நாலும் கிடையாது. முதல் பத்தியில் இதைச் சொல், இரண்டாம் பத்தியை இப்படி ஆரம்பி, கடைசியில் முதலில் சொன்னதையே திருப்பிச் சொல். இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற கதைதான்.

கண்காணிப்பாளனை எல்லாரும் மேஸ்திரி என்றார்கள். அவனும் கேட்டுக் கேட்டுப் பழகி, அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

அன்று முரடிக்கு முன் நாற்காலியில் ஹெட்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாளும் ஹெட்மாஸ்டராக இருந்ததில்லை. நடை மட்டும் அப்படி. சர்க்கரை வியாதிக்காரர். பொழுது ஏறியபோது கையைத் தூக்கினார்.

"சார், படபடன்னு வருது. ஒரு பன்னு தின்னுட்டு வந்துடறேன்."

"இந்தத் தாள்கட்டை முடிச்சிட்டுப் போங்க. பன்னு எங்கயும் ஓடிடாது," என்றான் மேஸ்திரி.

ஹெட்டு முடிக்கவில்லை. தலை முதலில் ஆடியது, பிறகு மரம் சாய்கிற மாதிரி முன்னால் சாய்ந்தார். மேசையின் இரும்பு விளிம்பு நெற்றியில் இறங்கிய சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்டது. முரடி பாய்ந்து தாங்கினாள். அவள் மடியெல்லாம் ரத்தம். ஓட்டமும் கூச்சலுமாக அவரை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸ் வருமுன்பே மேஸ்திரி கீபோர்டைக் கைக்குட்டையால் துடைத்து, வாசலில் வேலை கேட்டு நின்ற ஒருவனைக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான். திரும்பி வந்த முரடி பார்த்தது அதைத்தான். எழுத்துக் கட்டைகளின் இடுக்கில் இன்னும் சிவப்பு தெரிந்தது. புதியவன் அதைத் தொடாமல் விரலைத் தூக்கித் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான்.

மடியில் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்காமலே முரடி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை.

கம்பெனி சேர்மன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சிரிப்பும் கலையாத முகம்.

"அவருக்கு சுகர் இருக்குன்னு சேரும்போது சொன்னாரா?"

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா?" என்றாள் முரடி.

"பாருங்கம்மா, உக்காந்து படிக்கிற வேலை இது. இதுல விபத்துன்னு சொன்னா கேக்கறவன் சிரிப்பான்."

"படிக்கிற வேலைன்னு சொல்லாதீங்க சார். எங்க படிக்க விட்டீங்க?"

சிரிப்பு ஒரு நூல் அளவு கலைந்தது. "நல்லா பேசறீங்க. இதே வேகத்துல திருத்தினா சந்தோஷம். ரிசல்ட் தேதி தலைக்கு மேல வந்தாச்சு. நாளையிலேர்ந்து ஒரு தாளுக்கு ஒரு நிமிஷம்தான். நூறு தாளுக்குக் குடுத்த கூலி இனிமே நூத்தம்பதுக்கு. கஷ்டம்னா சொல்லிடுங்க. வாசல்ல ஆள் நிக்குது."

அவர் கார் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது.

டீ வேளைக்குப் பின்சுவர் ஓரத்தில் கூடினார்கள். முரடியின் மடியில் ரத்தம் காய்ந்து மொடமொடவென்று நின்றது.

"அவன விடக்கூடாது," என்றாள். "நாளைக்கு வர்ற தாளுக்கெல்லாம் ஒன்னு போடுவோம். நல்லது கெட்டது பாக்காம ஒன்னு. ரிசல்ட் வரட்டும். பெத்தவங்க அத்தன பேரும் அவன் கட்டடத்துல கல்லு விடட்டும். நான் பக்கத்துல நின்னு கல்லு எடுத்துக் குடுக்கறேன்."

"சபாஷ்," என்றான் ரேடியோ. வாய் மூடாதவன் என்பதால் அந்தப் பேர். "எனக்கும் கையெல்லாம் அரிக்குது."

ஹெட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அண்ணி அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். கிடங்குக்கே அவள் அண்ணி. "இன்னும் கண்ணு தொறக்கல," என்றாள். பிறகு முரடி பக்கம் திரும்பினாள். "நீ சொன்னது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. எம் பொண்ணும் இந்த வருஷம் எழுதியிருக்கா. அவ தாளும் இந்தக் குவியல்லதான் எங்கியோ கெடக்கு. அவளுக்கும் ஒன்னுதானா?"

"ஒரு பொண்ணுக்காக அவன விட்டுடறதா அண்ணி?"

"ஒரு பொண்ணா? ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலயும் ஒருத்தி இருக்காடி. நீ வீசற கல்லு அவன் கண்ணாடியில படறதுக்கு முன்னாடி எத்தன மண்டையில பட்டுட்டுப் போகும்னு பாத்தியா? எல்லாத்துக்கும் ஒன்னு போட்டா, அத்தன பிள்ளைங்களும் எங்க போய் விழும்? அவன் பாலத்துலதான். அவனுக்கு வாழை இலை போட்டு விருந்து வைக்கறேங்கற."

முரடிக்குச் சுருக்கென்றது. காண்ட்ராக்டர் கூலியை ஏமாற்றியபோது அப்பா தனியாகப் போய் அவன் லாரி டயரைக் கிழித்தார். கிழிந்த டயர் மறுநாளே மாறியது. அடியாட்கள் உடைத்த அப்பாவின் கால்தான் கடைசிவரை நேராகவில்லை.

"அப்போ எல்லாத்துக்கும் ஆறு போட்டா?" என்றான் ரேடியோ.

"அதுவும் படிக்காம போடறதுதான். அப்புறம் நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள் அண்ணி.

"படிச்சு போட்டா மட்டும் விட்டுடுவானா? பொறி வச்சிருக்கானே!"

பொறி என்றால் எலிப்பொறியேதான். கம்பெனி ஏற்கெனவே மதிப்பெண் முடிவு செய்த பழைய தாள்களை நடுநடுவே கலந்து அனுப்பும். அதே எண்ணைப் போடாவிட்டால் கூலியில் பிடித்தம். ஒரு ஷிப்டில் மூன்று பொறியில் சிக்கினால் அந்த ஆளின் எண் பூட்டிக்கொள்ளும், திரை சிவந்துவிடும். யாரையும் நம்பாத சேர்மன்தான் தன் கையால் திறக்க வேண்டும். திறந்ததாகச் சரித்திரம் இல்லை. வெளியே அனுப்பியதாகத்தான் உண்டு.

வந்த தாளே திரும்பத் திரும்ப வந்ததால் பொறிகள் எல்லாருக்கும் மனப்பாடம். அதில் ஒன்று மூட்டைத்தாள். உழைப்பு மனிதனை உயர்த்துமா என்பது தலைப்பு. புத்தகத்தில் சொன்ன வரிசை எதுவும் அதில் இல்லை. ஆங்கிலம் அங்கங்கே நொண்டியது. ஆனால் அந்தப் பிள்ளை எழுதியிருந்தது: 'உழைப்பு உயர்த்தும் என்கிறார்கள். என் அப்பா முப்பது வருஷம் மூட்டை தூக்கினார். உயர்ந்தது மூட்டை. என் மாமா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் உழைத்துக் கடை வைத்தவர். மாமாவின் கடைக்கு மூட்டை தூக்கியவர் யார் என்று நான் கேட்பேன்.' ஐந்து போட வேண்டிய தாள். கம்பெனியின் விடை மூன்று. பிழைப்புக்காக எல்லாரும் மூன்றே போட்டு வந்தார்கள். போட்டுவிட்டு அடுத்த தாளுக்கு வேகமாகப் போய்விடுவார்கள்.

அண்ணி டீ டம்ளரைச் சுவர்மேல் வைத்தாள். "படிச்சு உள்ளதப் போடுவோம். ஒருத்தருக்குப் பூட்டினா ஒருத்தர் வெளிய. எல்லாருக்கும் பூட்டினா யாரு வெளிய?"

முரடி அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணி, என்னவிடப் பெரிய வஞ்சம் வச்சிருக்கீங்க நீங்க."

"பெத்தவ வச்சிக்காம?" என்றாள் அண்ணி.

மறுநாள் விடியலில் திரைகள் விழித்தன. முரடி முதல் தாளைப் படித்தாள். முழுசாக. கடிகாரம் மஞ்சளாகி, சிவப்பாகி, கூவத் தொடங்கியது. கூவட்டும் என்று விட்டாள். கடைசி வரி வரை போய், மறுபடி நடுப்பத்திக்கு வந்து, அந்தப் பையன் எதிராளிக்குப் பதில் சொல்லியிருக்கிறானா என்று பார்த்தாள். பாதிதான் சொல்லியிருந்தான். நாலு போட்டாள். எத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு தாளைப் படிக்கிறாள்! கிடங்கெங்கும் கடிகாரங்கள் கூவின. மேஸ்திரி வால் மிதிபட்ட பூனை மாதிரி வரிசைக்கு வரிசை ஓடினான்.

"என்னங்க பண்றீங்க? தட்டுங்க, தட்டுங்க!"

"படிக்கிற வேலைன்னு சேர்மனே சொன்னாரே சார். படிக்கறோம்," என்றான் ரேடியோ.

மூட்டைத்தாள் வந்தது. முரடி அதையும் முழுசாகப் படித்து, ஐந்தை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்க மனமே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பொறி, பிறகு இன்னொன்று. கம்பெனியின் எண்ணை விட்டு, தாளுக்கு உரியதைப் போட்டாள். திரை சிவந்தது. இடப்பக்கம் ஒன்று சிவந்தது. முன்வரிசை சிவந்தது. ஹெட்டுவின் நாற்காலியில் இருந்த புதியவன் தயங்கித் தயங்கி நாலாப்பக்கமும் பார்த்தான். பிறகு அவனும் அழுத்தினான். அண்ணியின் திரை கடைசியாகச் சிவந்தபோது கிடங்கு முழுக்கத் தாள் நின்றுபோயிருந்தது. மின்விசிறியின் சத்தம் மட்டும்.

சேர்மன் வந்தபோது சட்டை கசங்கியிருந்தது. அத்தனை எண்ணையும் தன் கையாலேயே திறந்தார். "போனது போகட்டும், வேலையப் பாருங்க," என்றார். அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். படித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிடங்கு மறுபடி சிவந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஹெட்டோட வைத்தியச் செலவு மொத்தமும் உங்களுது. இது விபத்துன்னு நீங்க ஒத்துக்கணும். கூலி பழையபடி," என்றாள் முரடி. "தாளப் படிச்சு மார்க்கு போடுவோம். பொறி கிடையாது."

அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவர். அண்ணியின் மேசைப் பக்கம் போய்க் குனிந்தார். குரலைத் தாழ்த்தினாலும் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"உங்க பொண்ணு இந்த வருஷம் எழுதியிருக்காமே. புத்திசாலின்னு சொன்னாங்க. அந்தத் தாள நானே பாத்து ஆறு போட்டுடறேன். நீங்க மட்டும் பழையபடி தட்ட ஆரம்பிங்க. ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், மத்தவங்க வருவாங்க."

அண்ணியின் கை கீபோர்டின் மேல் இருந்தது. மகளுக்காக இந்தப் பெண்பிள்ளை இரண்டு வருஷமாக இருட்டில் எழுந்து வருகிறாள் என்று முரடிக்குத் தெரியும். இப்போது அழுத்தினால் அண்ணியை ஏசக்கூடத் தனக்கு வாய் வராது என்றும் தெரியும்.

"ஆறா?" என்றாள் அண்ணி. "அவ என்ன எழுதியிருக்கான்னு படிச்சீங்களா?"

"படிக்கறதுக்கு என்ன இருக்கும்மா? நான் சொன்னா ஆறு."

"நீங்க சொன்னா நாளைக்கு மூணும் ஆகும்." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவ மூணு எழுதியிருந்தா மூணு வாங்கட்டும் சார். அத ஒரு மனுஷன் படிச்சுட்டுச் சொல்லணும். பிச்சையா வாங்கின ஆற எடுத்துக்கிட்டுப் போய் அந்தப் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

சேர்மன் நிமிர்ந்தார். நெற்றி முழுக்க முத்து முத்தாக வியர்வை. முரடி அதை ஆசை தீரப் பார்த்தாள். போதவில்லை. இன்னும் வியர்க்கட்டும், உப்புப் பூக்கட்டும் என்று நினைத்தாள்.

"ரெண்டாவது ஷிப்ட கூட்டிட்டு வா," என்று மேஸ்திரியிடம் கத்தினார். "இவங்க அத்தன பேரும் வெளிய!"

கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே இரண்டாவது ஷிப்ட் வரிசை. இரண்டு ஷிப்டும் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது கம்பெனி சட்டம். வரிசையின் முதலில் நின்ற பருத்த பெண்பிள்ளை கையில் சாப்பாட்டுப் பையோடு முரடியைக் கேட்டாள்.

"என்னடி, பொழுது உச்சிக்கு வரல, அதுக்குள்ள உக்காந்துட்டீங்க?"

முரடி சொன்னாள். ஹெட்டு விழுந்தது, துடைத்த கீபோர்டு, பூட்டிய திரை, அண்ணிக்கு வந்த ஆறு எல்லாம். நீட்டி முழக்கவில்லை.

"அந்த மனுஷன் இப்ப எப்படி இருக்காரு?"

"காலையில கண்ணு தொறந்தாராம். இன்னும் ஆள் அடையாளம் தெரியல."

"ஏம்மா, உள்ள வாங்க!" என்று மேஸ்திரி கதவைத் தட்டினான். "வர்ற மொத ஆளுக்கு இன்னிக்கு ரெட்டைக் கூலி, சேர்மன் சொல்லிட்டாரு!"

அந்தப் பெண்பிள்ளை பின்னால் திரும்பித் தன் வரிசையைப் பார்த்தாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தாள்.

"நகருடி," என்றாள் முரடியிடம். "எம் பின்னால நாப்பது பேரு நிக்கறாங்க. எடம் விடு, உக்காரணும்."