சீஸ் பலகையில் சீம்பால்

விருந்தாளி வரும் நாளில் வடை சுடாத வீடு கள்ளக்குறிச்சியில் உண்டென்றால், அன்றைக்கு அது வெற்றிவேல் வீடுதான். பலவகைச் சீஸை நறுக்கி ஒரே பலகையில் அடுக்கும் சீஸ் பலகைதான் வைக்கப் போகிறேன் என்று அவன் மனைவி ஜெயசுதா காலையிலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பெங்களூரில் குடியிருந்த நாலு வருஷமும் வெற்றிவேலின் ஆபீஸ் நண்பர்கள் அந்தப் பலகைக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து விழுவார்கள். இன்று அவர்களில் இரண்டு பேர் கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போயிருந்தார்கள். இறங்கும்போது சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்கள்.

சீஸ் இருந்தது, பலகைதான் இல்லை. கடைசியில் பரண்மேலிருந்து மணையை இறக்கித் தேய்த்துக் கழுவினாள்.

"குந்துற மணையில துன்றத வைப்பியா? இன்னா கூத்து இது?" என்றாள் மாமியார் விஜயலட்சுமி.

"வாழை இலை போட்டுத்தான் வைப்பேன் அத்தை."

முன்பென்றால் மாமியார் இதற்கு அரைமணி நேரம் பேசியிருப்பாள். இப்போது சும்மா போய்விட்டாள். இரண்டு மாதமாக அந்த வீட்டில் ஜெயசுதாவை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த மணையில் உட்காரவைத்துத்தான் அவளுக்கு வளைகாப்புப் போட்டார்கள். ஓரத்தில் சந்தனக் கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

குழந்தை பதினோரு மணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி ஒரே ஒரு முறை காட்டினார்கள். மறுநாள் அவள் கட்டிலைவிட்டு எழுவதற்குள் ஆண்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுத் தலைமுழுகியும் வந்துவிட்டார்கள். பால் வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பார்க்க வந்தவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பஸ் நெரிசலைப் பற்றிப் பேசினார்கள், "உடம்பப் பாத்துக்கோ" என்று எழுந்து போனார்கள். என்ன குழந்தை, யார் ஜாடை, பேர் ஏதும் நினைத்திருந்தாயா என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! நல்ல மனசுக்காரர்கள் கூடி வாயை மூடிக்கொள்வதைப் போலக் கொடுமை வேறில்லை.

தேவதர்ஷினி கேட்பாள். வருகிற இரண்டு பேரில் அவள் வாய் நிற்காதவள், எதையும் கேட்டுவிடுவாள். அதற்காகத்தான் ஜெயசுதா இத்தனை பாடுபட்டாள்.

சென்னையிலிருந்து குளிர்ப்பெட்டியில் வந்த சீஸைப் பிரித்தாள். மஞ்சள் கட்டியை விரல் நீளத்துக்கு நறுக்கினாள். ஓட்டை போட்டதை முக்கோணமாக வெட்டினாள். நீலம் பூத்ததை ஓரமாக வைத்து, பக்கத்தில் மலைத்தேன் கிண்ணம் வைத்தாள்.

"பூசணம் புடிச்சிக் கீது. மாடுகூட மோந்து பாக்காது" என்றாள் மாமியார்.

நடுவில் வைக்க வாங்கிய மெத்தென்ற வெள்ளைச் சீஸ் வழியிலேயே கூழாகியிருந்தது. வெயில் அப்படி. பலகையின் நடு வெறுமையாகக் கிடந்தது. பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பின்வீட்டுப் பச்சையம்மாளின் பசு காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது.

சற்று நேரத்தில் பச்சையம்மாளே வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய, வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்த சீம்பால்.

"ராத்திரி மாடு கன்னு போட்டுச்சி. விருந்தாளி வர்றாங்கன்னு உங்க அத்த சொன்னாங்க. வச்சிக்கோ கண்ணு."

"இவ்ளோவாக்கா? கன்னுக்கு வேணாமா?"

"அதெல்லாம் கீது" என்று எங்கேயோ பார்த்துச் சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் நிற்காமல் போய்விட்டாள்.

ஜெயசுதா சீம்பாலை வில்லைகளாக வெட்டி நடுவில் அடுக்கினாள். பலகை நிறைந்துவிட்டது. வெற்றிவேல் வந்து பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டான்.

"நீ பயப்படாத. அவங்ககிட்ட சொல்லிட்டேன். அதப் பத்தி யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அவளுக்குக் கத்தியைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போலிருந்தது.

ஐந்து மணிக்கு வந்தார்கள். தேவதர்ஷினி அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை. இப்போது கேட்பாள் என்று ஜெயசுதா காத்திருந்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அருவியில் தண்ணீர் கம்மி என்றார்கள். மலைப்பாதை வளைவுகளைப் பற்றிச் சொன்னார்கள்.

"ஜெயா, நீ..." என்று ஆரம்பித்தாள் தேவதர்ஷினி. கண் வெற்றிவேல் பக்கம் போய்த் திரும்பியது. "நீ நடுவுல வச்சிருக்கியே, இது என்ன சீஸ்?"

அவ்வளவுதான்.

"சீம்பால்" என்றாள் ஜெயசுதா. "கன்னு போட்டதும் கறக்கற முதல் பால்."

எடுத்துத் தின்று பார்த்தவர்கள் மற்றதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீமைச் சீஸெல்லாம் ஓரத்தில் வியர்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ கன்னுக்குட்டி இருக்குமே, பாக்கலாமா?" என்றான் கூட வந்த அறிவுச்செல்வன்.

"இப்ப வாணாம்பா, மாடு முட்டும்" என்றாள் மாமியார் அவசரமாக. வெற்றிவேல் தலையைக் குனிந்துகொண்டான். சுவருக்கு அப்பால் பசு மறுபடி கத்தியது.

ஜெயசுதாவுக்குப் புரிந்துவிட்டது. இதையும் மறைத்திருக்கிறார்கள். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, இரண்டு மாதமாகத் தாண்டாத பின்வாசலைத் தாண்டிப் போனாள்.

பச்சையம்மாள் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"நீ ஏம்மா இங்க வந்த? உள்ள போ கண்ணு."

"கன்னு எப்பக்கா போச்சு?"

"விடியக்காத்தால. எழுந்து நிக்கவே இல்ல. உங்கிட்ட சொல்ல வாணாம்னு உங்க அத்ததான்..."

பசுவின் மடி இன்னும் கனத்திருந்தது. அந்தக் கனம் என்னவென்று ஜெயசுதாவுக்குத் தெரியும். அதன் கழுத்தில் கை வைத்தாள்.

"கெடேரியா, காளையா?"

பச்சையம்மாள் அவளையே பார்த்தாள். "கெடேரி. நெத்தியில பொட்டு வச்ச மாரி வெள்ளையா ஒண்ணு. காதுதான் எம்மாம் பெருசு! நக்கிக்கினே கெடந்துச்சி பாவம், இது." மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"உன்னுது யாரு ஜாடை கண்ணு?"

ஜெயசுதா அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது.

"என்னை மாரிதான்க்கா" என்றாள். "காது மட்டும் அவரு. எழில்மதின்னு பேரு."