பொன்னுத்தாய் கேட்ட உப்பு

பொன்னுத்தாயின் கால் பட்ட இடத்தில் உப்புப் பூக்கத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்று பட்டுக்கோட்டையில் தேங்காய் விலை சரிந்திருந்ததால் தாழங்கொல்லையில் காலையிலிருந்து அதுவே பேச்சாக இருந்தது. உப்பைப் பற்றிப் பேச ஊருக்கு நேரம் கிடைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் அவள் வீட்டு வாசலிலிருந்து வயல்வரை, வரப்பு நெடுக, ஈரம் காய்ந்த மண்ணில் ஒவ்வோர் அடியும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஐந்து விரலும் குதிகாலும் அச்சுப் பிசகாமல் தெரிந்தன. பக்கத்து வயல்காரர் ரெங்கசாமி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புதான்" என்று துப்பிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.

தாழங்கொல்லை கடைமடை ஊர். மேலே உள்ள ஊர்களெல்லாம் வயிறு நிறையக் குடித்துவிட்டு மிச்சம் வைக்கும் காவிரித் தண்ணீர்தான் இங்கே வரும். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வேதாரண்யத்து உப்பளம், அதற்கப்பால் கடல். அதனால் இந்த ஊரில் வயலில் உப்பு ஏறியது என்றால் வீட்டில் சாவு விழுந்ததற்கு அடுத்தபடி. ஒருவனை மனமாரச் சபிக்க வேண்டுமென்றால், "ஒன் வயல்ல உப்புப் பூக்க" என்பார்கள். அப்படிச் சபித்துவிட்டு, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று மறுநாள் வருத்தப்படவும் செய்வார்கள்.

பொன்னுத்தாயின் வயல் மூன்று மா, ஏக்கர் கணக்கில் ஒன்று. முன்பு கல்யாணம் வாத்தியார் குடும்பத்தின் நிலமாக இருந்தது அது. அவளுக்கு முந்திய மூன்று தலைமுறைப் பெண்கள் அதில் கூலிக்கு நட்டு, களை பறித்து, அறுத்து, முதுகு கூனிச் செத்தவர்கள். வாத்தியார் பிள்ளைகளோடு சென்னைக்குக் குடிபோனபோது, பொன்னுத்தாயும் அவள் கணவன் ரெத்தினமும் விற்கக்கூடியதையெல்லாம் விற்று அதை வாங்கினார்கள். பட்டா அவள் பெயரில். பட்டா கைக்கு வந்த அன்று வரப்பில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையைக் கேட்டு, யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து ரெங்கசாமி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஊரில் நடவுக்கு முன்கை அவள்தான். அவள் நட்ட வரிசையில் கயிறு பிடித்துப் பார்த்தாலும் கோணல் கண்டுபிடிக்க முடியாது. சேற்றில் கால் வைத்தால்தான் அவளுக்கு உயிரே வரும் என்று ரெத்தினம் சொல்லுவார். ரெத்தினம் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, ஆனால் அதைச் சொல்லுவார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பொன்னுத்தாய் போகும் சர்ச்சின் உபதேசியார் தமிழ்மாறன் ஆராதனையில் உப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். தமிழ்மாறன் தஞ்சாவூர் டவுனில் பிறந்த இளைஞர். நல்ல மனசு, அதைவிட நல்ல குரல். பூமிக்கு நீங்கள்தான் உப்பு என்று இயேசு மலையில் உட்கார்ந்து சீடர்களுக்குச் சொன்னதை எடுத்துக்கொண்டு, உப்பு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை, கரைந்து காணாமல் போகிறது, ஆனால் அது இல்லாமல் எந்த உணவுக்கும் ருசியில்லை, விசுவாசியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினார். குறை சொல்ல முடியாத பிரசங்கம். கேட்டவர்கள் எல்லோரும் விவசாயிகள். நாற்றங்காலில் மனசை வைத்துக்கொண்டு எல்லோரும் ஆமென் சொன்னார்கள். டீக்கடையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த ரெங்கசாமிதான், "பூமிக்கு உப்பு வேணும்னு எவனாச்சும் கேப்பானா? இருக்கறது பத்தலையா?" என்றார். டீக்கடை சிரித்தது. சர்ச்சுக்குள் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. வேதத்தில் வரும் பூமி வேறு, தங்கள் வயல் வேறு என்று அவர்கள் மனசுக்குள் ஒரு வரப்பு இருந்தது. பொன்னுத்தாய்க்கு அந்த வரப்பு கிடையாது. அவள் செய்த தப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நடவு தொடங்கும்போது முதல் நாற்று முடியை ஈசானி மூலையில் நடுவது ஊர் வழக்கம். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்களும் அதே மூலையில்தான் நடுவார்கள், ஜெபம் மட்டும் வேறு. செவ்வாய்க்கிழமை காலையில் பொன்னுத்தாய் முட்டளவு சேற்றில் நின்று, நாற்று முடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வழக்கமாக அவள் ஜெபம் நீளும். அன்று வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பிடுங்கிய நாற்று வாடிக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, என்னைய இந்தப் பூமிக்கு உப்பா வையும்" என்று மட்டும் சொன்னாள். உபதேசியார் சொன்னது பூமி. 'இந்த' என்ற சொல்லை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். சேர்த்ததோடு நிற்காமல் குனிந்து சேற்றை ஒரு தட்டும் தட்டினாள். வரிசையில் நின்ற பெண்கள் ஆமென் சொல்லிவிட்டு நடத் தொடங்கினார்கள்.

அவள் வரிசையில் நட்ட நாற்று அந்த வாரமே நுனி கருகியது. மற்ற வரிசைகள் பச்சை கட்டி நின்றன. வேளாண்மை ஆபீசிலிருந்து வந்தவர் மண்ணை எடுத்துப் போய்ச் சோதித்து, ஜிப்சம் போடவும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும், நல்ல தண்ணீர் கட்டி வடிக்கவும் சொன்னார். எல்லாம் செய்தார்கள். மண் தேறியது. தேறிவிட்டது என்று சந்தோஷமாகப் பார்க்க அவள் இறங்கினாள், இறங்கிய தடத்தில் மறுபடியும் வெளுத்தது. ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் கழற்றியபோது பூட்ஸுக்குள் கணுக்கால்வரை உப்பாக இருந்தது, போதாததற்கு அடிப்பக்கமும் கசிந்திருந்தது. கருவாடு போடும் ஷம்சாத், வீணாகப் போவானேன் என்று அவளைக் கூப்பிட்டுத் தன் முற்றத்தில் நடக்கச் சொன்னாள். அந்த உப்பு கைத்தது. ஒரு தட்டுக் கருவாடு பாழானதுதான் மிச்சம்.

ஊர் கூடிப் பேசியது. யாரும் கோபப்படவில்லை. புயல் மேலும் எலி மேலும் கோபப்பட்டுப் பழகாத ஊர் அது. ஒருவர் வயல் தண்ணீர்தான் வடிந்து அடுத்தவர் வயலுக்குப் போகிறது, அதனால் அவள் யார் வயலிலும், தன் வயலிலும்கூட, இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தார்ச்சாலையில் நடக்கலாம், சர்ச்சின் சிமெண்டுத் தரையில் முழங்காலிடலாம், வீட்டில் இருக்கலாம். அவளும் சரி என்றாள். தான் இறங்காதவரை அந்த மூன்று மா பிழைத்துக்கிடக்கும் என்பது அவளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, தன் பாதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிப்போட முடிந்தால் வெட்டிப்போட்டிருப்பாள்.

தமிழ்மாறனுக்குத் தூக்கம் போயிற்று. வேதத்தில் உப்பு வருகிற இடத்தையெல்லாம் தேடித் தேடிப் படித்தார். திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன பெண்ணின் கதையை வேகமாகத் தாண்டினார். கடைசியில், தண்ணீர் கெட்டு நிலம் பாழாய்க் கிடந்த ஓர் ஊரில், எலிசா தீர்க்கதரிசி புதுப் பாத்திரத்தில் உப்பை எடுத்துப்போய் ஊற்றில் கொட்டியதும் தண்ணீர் நல்லதாகிவிட்ட இடத்துக்கு வந்து நின்றார். உப்பாலேயே நிலம் குணமாகியிருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? புது மண்சட்டி வாங்கினார்கள். சபையார் பாடிக்கொண்டே வந்தார்கள். பொன்னுத்தாய் சாலையில் நின்றபடி கைகூப்பினாள். தமிழ்மாறன் மடை வாயில் நின்று, கண்ணில் நீர் வழிய, விசுவாசத்தோடு ஒரு சட்டி உப்பையும் வாய்க்காலில் கொட்டினார். சட்டி உப்பு எத்தனை தூரம் போகும் என்று நினைக்கலாம். கீழண்டையில் ரெங்கசாமியின் வயல் பாதிவரைக்கும் போயிற்று.

ரெங்கசாமி கருகிய பயிரைப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, இனிமே ஜெபம் பண்றதா இருந்தா தண்ணி வடிஞ்ச பெறவு பண்ணுங்க" என்றார். அன்றிலிருந்து தமிழ்மாறனின் குரல் இறங்கிப்போனது. பிரசங்கத்தில் எந்த வசனத்தை எடுத்தாலும், இதை யாராவது அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் வந்து பாதியில் நின்றுவிடுவார். வெளிச்சம், அப்பம், திராட்சைக்கொடி எதைச் சொல்லவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புறப்படும் நாளில் தார்ச்சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பொன்னுத்தாய் வந்து ஸ்தோத்திரம் சொன்னாள்.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா" என்றார் அவர்.

"தெரியுங்க ஐயா. கேட்டவ நான்தானே."

"இன்னும் ஜெபம் பண்றீங்களா?"

"பண்ணாம இருப்பனா? கொடுத்தத எடுத்துக்குங்கன்னு தெனமுந்தான் கேக்குறேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "ஆண்டவர் இல்லேன்னு நெனச்சுட்டா நிம்மதியாப் போயிடும் ஐயா. இருக்காரே. அன்னைக்கு நான் சொன்னது அவரு காதுல விழுந்துச்சே. பெறவு சொல்றது மட்டும் ஏன் விழ மாட்டேங்குது?"

பஸ் வந்தது. ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கியவர், என்ன சொல்லி ஆசீர்வதிப்பது என்று பயந்தாற்போல் பாதியிலேயே இறக்கிக்கொண்டு ஏறினார்.

அதன் பிறகு வந்த வருஷங்களில் நடவென்றால் பொன்னுத்தாய் குடையைப் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையில் வந்து நிற்பாள். ரெத்தினம் ஆள் வைத்து நடுவார். வரிசை கோணினால் அவள் அங்கிருந்தே குரல் கொடுப்பாள். களைக்கு நேரமாகிவிட்டது, மேலண்டை வரப்பில் நண்டு வளை போட்டிருக்கிறது என்றெல்லாம் சாலையிலிருந்தே கண்டுபிடிப்பாள். போகிற வருகிற பஸ்காரர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போவார்கள். கதிர் முற்றியதும் ரெத்தினம் முதல் கதிர்களைத் துண்டில் கட்டிக்கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பார். கையால் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை, கால்தான் ஆகாது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்பாள். தன் சொந்த நிலத்தை விருந்தாளிபோல் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது எவ்வளவு கொடுமை என்பது நிலம் இல்லாதவர்களுக்கும் புரிந்தது. ஆனாலும் நிலம் பச்சையாக இருந்தது. அது ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு அத்தனை வருஷமும் சாலையில் நின்றாள்.

பிறகு, மேலே திறந்த தண்ணீர் கடைமடையை எட்டாமல் போனது. ஒரு வருஷம் பொறுத்தார்கள், அடுத்த வருஷமும் எட்டவில்லை. போர் போட்டு இறைத்தார்கள். முதலில் நல்ல தண்ணீர் வந்தது, போகப் போகக் கரித்தது. அப்புறம் ஒரு புயலில் கடல் வடிகால் ஆறு வழியாக ஏறிவந்து வயல்களில் நின்றது. கடல் வடிந்த பிறகு கிழக்கே கோடியக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் சரி, மேற்கே பார்த்தாலும் சரி, ஒரே வெள்ளை. வேளாண்மை ஆபீசிலிருந்து வந்தவர் இந்த முறை ஜிப்சம் என்றுகூடச் சொல்லவில்லை. ரெங்கசாமி மாட்டை விற்றுவிட்டு மகனிருக்கும் திருப்பூருக்குப் புறப்பட்டார். போகும்போது சாலையில் நின்றவளிடம், "இது ஒன்னால இல்ல தங்கச்சி, மனசுல வச்சுக்காத" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது வேறு மாதிரிப் போய்த் தைத்தது.

அன்று மத்தியானம் ரெத்தினம் வயலிலிருந்து ஏறிச் சாலைக்கு வந்தார். "இனிமே எறங்கலாம், வா" என்றார்.

பொன்னுத்தாய் இறங்கினாள். வரப்பைத் தாண்டி மூன்று மாவின் நடுவுக்குப் போனாள். பொருக்குத் தட்டிய மண் காலடியில் நொறுங்கியது. போன வழியைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைமேல் வெள்ளை, எந்தத் தடமும் தெரியவில்லை. ரெத்தினமும் குனிந்து தேடினார். கடல் கொண்டுவந்த உப்பில் அவள் உப்பு எது என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை.

"அப்ப நான் இத்தன வருஷமா ரோட்டுல நின்னது?" என்று கேட்டாள்.

ரெத்தினம் துண்டை உதறி அங்கேயே விரித்தார். இருவரும் அதன்மேல் உட்கார்ந்தார்கள். அவள் அழவில்லை. பட்டா வந்த நாளில் அழுததோடு அது தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

இப்போது அவள் தினமும் வயலில் இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறாள். யாரும் தடுப்பதில்லை. ஜெபத்தையும் விடவில்லை, ஆனால் அதில் எதையும் கேட்பதில்லை, ஸ்தோத்திரம் மட்டும் சொல்லி எழுந்துவிடுகிறாள். புதிதாக வந்திருக்கும் உபதேசியார் இந்த விஷயத்தைக் கேள்விப்பட்டு, அந்த அம்மா காலில் இன்னும் உப்புப் பூக்கிறதா என்று சபையாரிடம் விசாரித்தார். பூக்கத்தான் செய்யும், கொடுத்ததை ஆண்டவர் திரும்ப வாங்கவில்லையே என்றார்கள். அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பார்க்க வேண்டுமென்றால் உப்பில்லாத மண் ஒரு முழமாவது வேண்டுமே, அதற்கு இந்த ஊரில் எங்கே போவது என்று சொல்லிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.