அடுப்புக்கு நாலு விரல் தள்ளி

எங்கள் ஊரில் கொல்லையில் குழி தோண்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை, கால்பந்து ஆட்டம் நடக்கும்போதுதான் தோண்டுவார்கள். டிவி சத்தத்தில் கடப்பாரைச் சத்தம் வெளியே கேட்காது. எங்கே தோண்டினாலும் ரோமர்கள் போட்டுவிட்டுப் போன ஏதாவது ஒன்று தட்டுப்படும். தட்டுப்பட்டால் தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் வேலை நின்றுபோகும். எதிர்வீட்டுக்காரர் கார் நிறுத்தத் தோண்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. குழிக்கு மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கார் தெருவில் நிற்கிறது.

எனக்கு வேறு வழியில்லை. மழை பெய்தால் கொல்லைத் தண்ணீர் முழுக்க என் ரொட்டிக்கடை அடுப்பறைக்குள்தான் வரும். அடுப்பின் அடித்தளம் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. இன்னொரு தரம் ஊறினால் உட்கார்ந்துவிடும். அடுப்பு போனால் கடை போச்சு. அதனால் என் கணவரின் தம்பி நுன்சியோவைக் கூப்பிட்டேன். குழாய் வேலை செய்கிறவன். போன வருஷம் அவன் போட்ட குழாய் மூன்றே மாதத்தில் அடைத்துக்கொண்டது. இந்தத் தடவை ஆழமாகப் போடுவதாகச் சொன்னான்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் கடப்பாரை 'டங்' என்றது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் தெரியாதவர் கிடையாது.

"அண்ணி, வந்துட்டாங்க," என்றான் நுன்சியோ.

"யாரு?"

"விருந்தாளிங்க. ரெண்டாயிரம் வருஷமா கீழ படுத்திருக்காங்க."

ஒரு மணி நேரம் மண்ணைத் தள்ளிப் பார்த்தோம். கறுப்புக் கற்கள், இடுக்கில்லாமல் பதித்த சாலை. ஓரத்தில் சேறு அடைத்துப்போன ஒரு கல் வாய்க்கால்.

"மூடு," என்றேன்.

"இந்தச் சேத்த மட்டும் அள்ளிப் பாத்துடறேன் அண்ணி."

"மூடுன்னா மூடு. ஆட்டம் முடியப் போகுது."

என்றைக்கு அவன் நான் சொன்னதைக் கேட்டான்? அள்ளிக்கொண்டே இருந்தான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் வாளியும் துடைப்பமுமாக அடுப்பறைக்கு ஓடினேன். காத்திருந்தேன். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

வெளியே வந்தால் நுன்சியோ முழங்கால் சேற்றில் நின்று சிரிக்கிறான். கொல்லைத் தண்ணீர் மொத்தமும் சுழித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"உன்ன விட நல்ல வேலக்காரன்," என்றேன்.

"அவன் இப்ப உயிரோட இருந்தா என் பொழப்பு போயிருக்கும்," என்றான்.

மூடினால் தண்ணீர் மறுபடி அடுப்பறைக்கு வரும். திறந்து வைத்தால் ஊர் பார்க்கும். மறுநாள் காலை நானே அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

நுன்சியோ தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணி, சாலை அடுப்புக்குக் கீழ போச்சுன்னா அடுப்ப இடிச்சுத்தான் பாப்பாங்க."

"தெரியும்," என்றேன். எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன.

அதிகாரி டெல்ஃபினா ரப்பர் பூட்ஸும் நூல்கண்டுமாக வந்து இறங்கினார். "எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டார்.

"செடி நட்டோம்," என்றேன்.

"இவ்வளவு ஆழத்துலயா?"

"பெரிய செடி மேடம்," என்றான் நுன்சியோ.

அவர் குழிக்குள் இறங்கினார். சாலையின் அடுப்பறைப் பக்க ஓரத்தில் நூலைக் கட்டி இழுத்தபடி நடந்தார். "இங்க வளைவு வர்றதுக்குக் காரணமே இல்லம்மா. இந்த நூல் போற எடத்துலதான் சாலையும் போகும்."

நூல் நேரே அடுப்பறையைப் பார்த்துப் போனது. முப்பது வருஷம் மாவு பிசைந்த இடம் அது. சுவரை நெருங்க நெருங்க நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணி, கண்ணத் திறங்க," என்றான் நுன்சியோ.

நூல் அடுப்புச் சுவருக்கு நாலு விரல் தள்ளி, பக்கத்துச் சந்துக்குள் போயிருந்தது. அந்த நாலு விரலுக்காக எந்த ரோமானியனைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் டெல்ஃபினாவைக் கட்டிக்கொண்டேன். அழுதும்விட்டேன்.

அவர் என்னை விலக்கிவிட்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "கடைய நடத்துங்க. ஆனா இந்தக் குழியில ஒரு கல்லயும் தொடக்கூடாது. இந்த வாய்க்கால நீங்க மட்டுமில்ல, யாருமே, எப்பவுமே மூடக்கூடாது. மீறினா அபராதம்."

"எழுதிக் குடுங்க மேடம்," என்றேன். "முத்திரையோட."