வெற்று வானத்தில் பனி

பல்கேரியாவின் சோபியா நகரில் யாருக்கு நல்லது நடக்கிறதோ அவர்தான் சாக்லேட் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்ட வேண்டும். அன்று நீட்டியவர் பேராசிரியர் வெல்கோவ். சிறுகோளில் பனி இருக்கிறது என்ற அவருடைய கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆய்வு மாணவி ரலிட்சா வாழ்த்துச் சொல்லி, ஒன்றை எடுத்து வாயில் போட்ட பிறகுதான் திரையில் இருந்த கட்டுரையில் எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தாள். அந்த விண்கலத்தின் கருவியோடு வருடக்கணக்கில் மாரடித்தவள் அவள். அவள் பெயர் மட்டும் இல்லை. வாயில் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அங்கேயே கேட்டாள்.

"நீ குறுக்க நின்னவ தானேம்மா? குறுக்க நின்னவங்க பேரெல்லாம் போட்டா தாள் பத்தாது" என்றார் வெல்கோவ். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சாக்லேட் தின்ற வாய்கள், வேறென்ன செய்யும்.

குறுக்கே நின்றது உண்மைதான். தரையில் இருக்கும்போது கருவியின் உறை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். மேலே போனதும் அந்த ஈரம் கசிந்து கருவியின் கண்ணிலேயே பனியாகப் படியும். அதனால் சிறுகோள் என்ற அந்தக் கல்லைப் பார்க்கும் முன் ஒன்றுமில்லாத வானத்தை ஒருமுறை பார்த்துக் கண் சுத்தமா என்று சோதிப்பார்கள். சிறுகோளைக் கடக்கும் நேரமோ கொஞ்சம்தான். நேரம் மிச்சமாகட்டும் என்று சோதனையை வெட்டிவிட்டார் வெல்கோவ். வேண்டாம் சார் என்று ரலிட்சா மன்றாடினாள். இருட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போனோம் என்று வாயை அடைத்துவிட்டார்.

முனைவர் பட்டம் கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அந்தப் பனியைத் தோண்டப் போகும் இரண்டாவது விண்கலத்துக்குக் கருவி செய்யும் வேலை. பள்ளி நாளிலிருந்து ஆசைப்பட்டது அதற்குத்தான்.

அப்போதுதான் முதல் கலத்தின் பதிவுகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. சிறுகோளைத் தாண்டிய பிறகு, வழக்கமான பராமரிப்பின்போது கருவி வெறும் வானத்தைப் பார்த்திருந்தது. வெறும் வானம்தானே என்று யாரும் சீண்டாத பதிவு. ரலிட்சா திறந்தாள். ஒன்றுமில்லாத இருட்டிலும் அதே பனி, அதே அளவில். அவளுக்கு வந்தது சந்தோஷம், அதுவும் கெட்ட சந்தோஷம்.

வெல்கோவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் மனிதர் கௌரவமாகத் திருத்திக்கொண்டிருப்பார். அவள் போடவில்லை. பிளோவ்டிவ் நகரத்து விஞ்ஞானிகள் மாநாடு வரட்டும் என்று காத்திருந்தாள். அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாவது பயணத்துக்கு அனுமதி தருபவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வெல்கோவ் பேசி முடித்ததும் ரலிட்சா எழுந்து அந்தப் பதிவைத் திரையில் போட்டாள்.

"சார், இது வெறும் வானம். இங்கயும் உங்க பனி தெரியுதே. இது எந்தக் கல்லு மேல இருக்கு?"

வெல்கோவ் தண்ணீர் குவளையை எடுத்தார், குடிக்காமலே வைத்தார்.

வெளியே நடைவழியில் அவளைப் பிடித்து நிறுத்தினார்.

"பனி இல்லேன்னா ரெண்டாவது கலம் போகாது. உன் வேலையும் சேர்ந்து போச்சு. யோசிச்சியா?"

"நல்லா யோசிச்சுட்டுத்தான் சார் கேட்டேன்."

பயணம் கைவிடப்பட்டது. ரலிட்சா இப்போது பெர்னிக் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். வேலை போன அன்று விம்மி விம்மி அழுதாள். வெல்கோவ் தலை காட்ட முடியாமல் ஓய்வு வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்ட அன்று அவளுக்கு வயிறு குளிர்ந்தது.