மூன்று லாரிப் பட்டைகள்

“எட்டு மூட்டை தீவனம் ஏத்தினாலும் பொறத்தால ஒரு இஞ்சு படுக்காது, அம்முணி. அந்தக் காரைப் போயிக் குத்தம் சொல்றயே.”

“படுக்காததுதானுங்கண்ணா குத்தமே” என்றாள் வசந்தாமணி.

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் இருந்த ராயப்பனின் ஸ்பிரிங் பட்டறை வாசலில், அண்ணன் சின்னுசாமியின் அம்பாசடர் கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. கோழிப்பண்ணை வைத்த கையோடு, கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் பட்டைகளுக்கு அடியில் மூன்று லாரிப் பட்டைகளைச் சேர்த்து அடித்திருந்தார் சின்னுசாமி. அவர் மட்டுமல்ல, ஸ்டாண்டில் நின்ற டாக்சிகள் எல்லாமே அப்படித்தான். லாரி ஊரில் காரையும் பாதி லாரியாக்கினால்தான் ஆட்களுக்குத் தூக்கம் வரும்.

வசந்தாமணிக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அவள் கணவன் கந்தவேல் கோழிக்கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து, சேலம் ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து கிடந்தான். நாளைக் காலை வீட்டுக்கு அழைத்துப் போகலாம். படுக்க வைத்தபடி கொண்டு போக வேண்டும், பெரிதாகக் குலுங்கினால் கால்கள் இரண்டும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வேன் பழுதாகிக் கிடந்தது. அண்ணன் காரை விட்டால் வழியில்லை, அதற்கு லாரிப் பட்டைகளைக் கழற்றியாக வேண்டும்.

“பட்டைன்னா ஒண்ணு மெத்துனு இருக்கும், இல்லீன்னா கெட்டியா இருக்குமுங்க” என்றார் ராயப்பன், ஸ்பேனரைத் துடைத்தபடி. “மெத்துனு போட்டா வளைவுல சாயும், பாரம் தாங்காது. கெட்டியாப் போட்டா இடுப்பு போவும். ரெண்டும் ஒண்ணா வராது.”

“வருதுங்க. ஆஸ்பத்திரி வராந்தால ஒக்காந்திருக்கறப்பப் படிச்சேன்.”

பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்த கட்டுரை அது. சீமையில் ஒரு காருக்குப் பட்டைக்குப் பதிலாக எண்ணெய்க் குழாய்களை வைத்துப் பார்க்கிறார்களாம். ஒவ்வொரு சக்கரமும் படும் பாட்டை ஒரு கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் அறிந்துகொள்ளுமாம். மேடு வந்தால் எண்ணெயை விட்டுக்கொடுத்துச் சக்கரத்தை மட்டும் மேலே ஏறவிடும். பள்ளம் வந்தால் சக்கரத்தைக் கீழே இறக்கும். உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதே கார் வளைவில் திரும்பினால், சாயும் பக்கத்தில் எண்ணெயை ஏற்றி நேராக நிற்கும். கண் தெரியாதவர் கைத்தடியால் தரையைத் தொட்டுத் தொட்டு நடப்பதுபோல ஒரு கார். அதை நினைத்தபடியே அன்று கந்தவேலின் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் மாரியப்பன் சிரித்தான். “நம்ம ரோட்டுக்கு வந்தா அந்தக் கம்ப்யூட்டரு வேலைய உட்டுட்டே ஓடிரும், அக்கா.”

சின்னுசாமியும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கேயோ யாரோ ராப்பகலாக உட்கார்ந்து, மனுச உடம்பு நோகாமல் இருக்க மூளையைக் கசக்குகிறார்கள். இங்கே காசு கொடுத்து நோவை வாங்கிப் பூட்டியதுமல்லாமல், அதில் பெருமை வேறு.

“அண்ணா, இந்தக் கார்ல நீங்க என்னைக்காச்சும் பின்னால ஒக்காந்திருக்கீங்களா?”

“நான் ஏன் பின்னால ஒக்காரோணும்?”

“ஒருக்காப் படுத்துட்டு வாங்க. முதலைப்பட்டி வரைக்கும் போதும். நீங்க சொல்றாப்பல சொகமா இருந்தா நான் வாயே தொறக்கல.”

பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்க முடியாமல் சின்னுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் கால் மடக்கிப் படுத்தார். வசந்தாமணி முன்னால் ஏறித் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பாரமில்லாத கார் முதல் பள்ளத்திலேயே உதைத்தது. அடுத்ததில் சின்னுசாமியின் தலை கதவில் மோதியது. பாலத்து மேட்டில் சீட்டிலிருந்து எழும்பிக் கால் வைக்கும் இடத்தில் விழுந்தார். “டேய், மெதுவாடா” என்றார். “மெதுவாத்தானுங்க போறேன்” என்றான் மாரியப்பன். வசந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் கிடந்த இடத்தில் அவள் கண்ணுக்குக் கந்தவேல் கிடந்தான்.

பட்டறைக்குத் திரும்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் சின்னுசாமி. “டிக்கில ரெண்டு மூட்டை தீவனம் போட்டாச் சரியாப் போவும்.”

“ரெண்டு மூட்டைக்கு இந்தப் பட்டை அசையாதுங்க, மொதலாளி” என்றார் ராயப்பன். “எட்டு போட்டாக் கொஞ்சம் மசியும். அப்பறம் மாப்பிள்ளை எங்க படுப்பாரு?”

“கழட்டினா வண்டி பின்னால தொங்கிப் போவும், ராயப்பா. நாளைக்குச் சாயங்காலம் ஆத்தூர்ல சம்பந்தி ஊட்டு விசேஷம். ஒடிஞ்ச பட்டையோட வந்திருக்கறான்னு வாசல்லயே பேசுவாங்க.”

வசந்தாமணி அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

“பேசட்டுமே. இந்த வண்டி மத்தவீக முன்னால நிமிந்து நிக்கோணும்னு எத்தனை கவலை உங்களுக்கு. உங்க மாப்பிள்ளை இனி நிக்கறதுக்கு யாருங்க கவலைப்படறது? உங்க கொட்டகைக் கூரையத்தான அண்ணா அவரு மேய ஏறினாரு?”

சின்னுசாமி இடுப்பைத் தடவியபடி காரின் தூக்கிய பின்பக்கத்தைப் பார்த்தார். ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்த ராயப்பன், சக்கரத்தருகே குந்தி அவர் முகத்தைப் பார்த்தார்.

“மூணையும் கழட்டச் சொல்லுங்கண்ணா” என்றாள் வசந்தாமணி.