அப்பாவுக்கு வைத்த கண்

எங்கள் வீட்டில் காகிதங்கள் எப்போதும் இரண்டு மூட்டையாகத்தான் இருக்கும். நீலத் துணியில் கட்டியது கோயில் காகிதம்: ஞானஸ்நானச் சீட்டு, சாமியார் எழுதிய கடிதங்கள், அண்ணன் சின்ன வயதில் முதன்முதலாகப் புதுநன்மை அப்பம் வாங்கிய அன்று மெழுகுவத்தியோடு நின்ற படம். மஞ்சள் பையில் இருப்பது ஆபீஸ் காகிதம்: சாதிச் சான்று, ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நாற்பது வருஷத்தில் நீலமும் மஞ்சளும் ஒருநாள்கூடக் கலந்ததில்லை. கலந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நீலத்தில் நான் ஜாஸ்மின். மஞ்சளில் கலைமணி. அண்ணன் நீலத்தில் சவுரியப்பன், மஞ்சளில் குமார். அவன் மகள் பிறந்தபோது எல்லோருக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. எந்தப் பக்கமும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஐஸ்வர்யா என்று பெயர் வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் ஏமாற்று வேலை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், பாதிப் பேர் மாதாவை. ஊருக்குள் போனால் இரண்டு பேருக்கும் ஒரே மரியாதைதான். அது என்ன மரியாதை என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாதாவைக் கும்பிடுகிறவன் மட்டும் சர்க்கார் கணக்கில் வேறு பட்டியலுக்குப் போய், எஸ்.சி. சலுகையை இழந்துவிடுகிறான். காலனி மாறாது, பிணம் போகிற பாதை மாறாது, காகிதம் மட்டும் மாறும். அப்படி மாறாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்த மஞ்சள் பை.

போன சித்திரையில் ஐஸ்வர்யாவுக்கு மத்திய அரசு வேலை கிடைத்தது. எங்கள் வம்சத்தில் முதல் ஆள். ஸ்வீட் கொடுத்து முடிப்பதற்குள், அவள் சாதிச் சான்றை நேரில் வந்து சரிபார்க்கப் போகிறோம் என்று தாலுகா ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். அண்ணன் போன் செய்தபோது அவன் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பென்னாகரத்தில் நான் வேலை பார்க்கிற சத்துணவு மையத்துக்கு நான்கு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தேன்.

நான் வருவதற்குள் வீடு மொட்டையாகியிருந்தது. மாதா படம் இல்லை, வாசல் நிலையில் ஒட்டியிருந்த சிலுவை இல்லை. நீல மூட்டையை என் பையில் போட்டுக்கொண்டு போகச் சொன்னான். சரி என்றேன். அம்மா கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த ஒரே ஒரு படத்தில்தான் வந்தது வினை.

அது அப்பாவின் சவப்பெட்டிப் படம். எங்கள் ஆட்களில் சாவு விழுந்தால் அடக்கத்துக்கு முன்னால் போட்டோக்காரரைக் கூப்பிடுவார்கள். பெட்டியைத் தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்க, ஒரு படம் எடுப்பது வழக்கம். அப்பா கிணறு வெட்டப் போன இடத்தில் வெடியில் செத்தபோது எனக்கு இரண்டு வயது. உயிரோடு இருந்தவரை அவரை யாரும் படம் பிடிக்கவில்லை. ஆக, எங்களுக்குத் தெரிந்த அப்பா அந்தப் பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறவர்தான். தலைமாட்டில் ஓர் ஆள் உயரச் சிலுவை.

"அப்பன் படம் ஒண்ணுகூட இல்லாத வூடுன்னா சந்தேகப்படுவாங்க. இத மாட்டுனா சந்தேகமே வேணாம், நேரா மாட்டிக்குவோம்," என்றான் அண்ணன்.

"அதுக்கு என்னா பண்ணலாங்கற?"

"ஸ்டூடியோவுல குடுத்து மூஞ்சிய மட்டும் எடுத்துரலாம்."

பொம்மிடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன் அன்பு. அண்ணனோடு படித்தவனின் தம்பி, வாயைத் திறக்க மாட்டான். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"செலுவ, பெட்டி, ஆளுங்க, இதெல்லாம் வேணுங்களாக்கா?"

"எதுவும் வேணாம். மூஞ்சி போதும்," என்றேன். இதைச் சொன்னது நான்தான்.

"கண்ணு மூடியிருக்குதுங்களே. சட்ட போட்டு உக்கார வெச்சாலும் செத்தவரு படம்னு தெரிஞ்சிரும். தொறந்துரலாங்களா?"

"எப்பிடிரா தொறப்ப?" என்றான் அண்ணன்.

"வேற கண்ணு எடுத்து வெக்கறதுதாங்க. அண்ணா, நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. பையன் கண்ணுதான, பொருந்தும்."

அண்ணன் உட்கார்ந்தான். பத்து நாளாகத் தூங்காத கண். அன்பு பிளாஷ் அடித்தான். சாயங்காலம் பிரேம் போட்டுக் கொடுத்தபோது அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வயசான ஆள் எதற்கோ பயந்துபோய்ப் பார்க்கிற மாதிரி இருந்தது. செத்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அம்மா அந்தப் படத்தை வாங்கி ஒருமுறை பார்த்தாள். பழைய படத்தைக் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விசாரணை முடிந்த மறுநாள் மறுபடி மாட்டித் தருகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

விசாரணை அன்று, மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. அம்மா பதினோரு மணிக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டு வாசலில் ஸ்கூட்டி நிற்கிற சத்தமும், "குமார் வூடு எதுங்க?" என்ற கேள்வியும் கேட்டது. அம்மா கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தை எடுத்து, "இவருதான் எங்கூட்டுக்காரரு," என்று காட்டுவது அவள் பழக்கம். கேஸ் சிலிண்டர் போடுகிறவன்கூடப் பார்த்திருக்கிறான். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தலையணைக்கு அடியிலிருந்து படத்தை உருவினேன். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பிரேமை உடைத்துப் படத்தை உள்ளே போட்டேன்.

அரிசி டிரம்மில் ஒளித்திருக்கலாம். ஜாக்கெட்டுக்குள் சொருகியிருக்கலாம். அப்புறம் ஆயிரம் வழி தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான்: அன்புவிடம் காப்பி இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் போட்டேன்.

ஆர்.ஐ. அம்மா நல்ல மாதிரி. செருப்பை வெளியில் கழற்றிவிட்டு வந்தார், தண்ணீர் கொடுத்தால் மறுக்காமல் குடித்தார். மஞ்சள் பையிலிருந்த ஒவ்வொரு காகிதமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். குலசாமி எது என்று கேட்டார், அண்ணன் சொன்னான். கடைசியில் சுவரைப் பார்த்தார். பிளாஸ்டிக் மாலை போட்ட புதுப் படம். அதற்கு நேர் கீழே கட்டிலில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இது யாருங்கம்மா?" என்று அம்மாவிடமே கேட்டார்.

அண்ணன் முகம் செத்துவிட்டது. நான் ஆர்.ஐ. அம்மாவின் முதுகுப்பக்கம் நின்றிருந்தேன், அம்மாவைக் கிள்ளக்கூட முடியவில்லை. அம்மா கழுத்தைத் திருப்பிப் படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"எம் மவன்," என்றாள்.

"மகனா?"

"ஆமாங்க. எம் மவன்."

"சக்கர வியாதிங்க மேடம். கண்ணு சரியாத் தெரியாதுங்க. அது எங்கப்பாங்க," என்றான் அண்ணன். பெற்றவளைக் குருடி ஆக்கினான்.

ஆர்.ஐ. அம்மா சிரித்து, அம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். ஸ்கூட்டி காலனியைத் தாண்டியதும் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தேம்பினான். ஐஸ்வர்யாவுக்குப் போன் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான், போடவில்லை.

அம்மா தலையணைக்கு அடியில் கையை விட்டாள். தலையணையைத் தூக்கினாள். பாயை உதறினாள்.

"எங்கடி?"

நான் சொன்னேன். மறைக்க என்னால் முடியவில்லை. சொல்லிக்கொண்டே போனை எடுத்தேன். "அன்புகிட்ட காப்பி இருக்குதும்மா. நாளைக்கே பெருசாப் போட்டு வாங்கியாறன். நீயே கேளு," என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, மூஞ்சி மட்டுந்தாங்க ஸ்கேன் பண்ணன்," என்றான் அன்பு. "சுத்தியிருக்கறது எதுவும் வேணாம்னு நீங்கதான சொன்னீங்க."

போனை வைத்தேன். எனக்குக்கூட முதலில் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "அப்பா மூஞ்சி இருக்குதுல்லம்மா, அது போதும். கண்ணு மூடுன மாதிரியே, பொட்டு இல்லாம போட்டுத் தரச் சொல்றன்," என்றேன்.

அம்மா பாயின் ஓரத்தை நீவினாள்.

"அதுல நானும் இருந்தன்," என்றாள்.

இருந்தாள். சிலுவைக்குப் பக்கத்தில், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, இருபத்து நான்கு வயதில் நின்றாள். அவள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. அதற்கு அடுத்து அவளை யாராவது படம் பிடித்தது வாக்காளர் அட்டைக்குத்தான், அதற்குள் தலை நரைத்துவிட்டது. விசாரணைக்கு முந்தின நாட்களிலெல்லாம் அப்பாவைக் காப்பாற்றுவதா, ஐஸ்வர்யாவைக் காப்பாற்றுவதா என்று நானும் அண்ணனும் அடித்துக்கொண்டோம். அம்மா பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அந்தப் படத்தைச் சின்ன வயதிலிருந்து நான்தான் துடைத்திருக்கிறேன். இப்போது கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் அப்பா மூக்கில் வைத்த பஞ்சு வருகிறது, கால்மாட்டில் எரிந்த மெழுகுவத்தி வருகிறது. அம்மாவின் முகம் மட்டும் வரவில்லை.

அவள் காலடியில் உட்கார்ந்தேன். "அப்ப எப்பிடிம்மா இருந்த நீ?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "அதுல பாத்துத்தான் தெரிஞ்சிக்குவன்."