சார்கிட்ட கேட்டுட்டோம்

"பையன் என்ன படிக்கிறான் சார்?" என்று கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். கம்ப்யூட்டர் கேபினெட்டை வண்டியிலிருந்து இறக்கி, ஆறு படி ஏற்றி, கடை மேஜைமேல் வைத்தவள் நான். மூச்சு வாங்கியதும் எனக்குத்தான். வீட்டுக்காரர் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். பையன் யாரும் இல்லை, கம்ப்யூட்டர் என்னுடையது, விளையாடுவதும் நான்தான் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. விருந்துக்குப் போன வீட்டில் மூன்று வயதுக் குழந்தை தான் டாக்டர் என்று சொன்னால் சிரிப்போமே, அப்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் அவரிடமே, மேடம் என்ன கேம் ஆடுவாங்க என்று விசாரித்தார்.

லாரி ஓட்டும் விளையாட்டு. வேறொன்றும் பெரிதாக இல்லை. பனி கொட்டும் மலைப்பாதையில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகவேண்டும். இரண்டு பேர் சேர்ந்தும் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்த கையோடு நான் உட்காருவேன். கடல் தாண்டி இருக்கும் என் தங்கைக்கு அது காலை நேரம். அவள் லாரி முன்னால் போகும், என்னுடையது பின்னால். காதில் மாட்டிய ஹெட்போனில் பேசிக்கொண்டே போவோம். போனில் முகம் பார்த்துப் பேசினால் நல்லாயிருக்கேன், சாப்பிட்டேன், அங்க மழையா என்பதோடு முடித்துக்கொள்கிறவள், ஸ்டியரிங் கைக்கு வந்ததும் வாய் திறப்பாள். இருவருமே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவளுக்கு அது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். வேலையை விட்டுவிட்டாள் என்பது எனக்குத் தெரியவந்தது அப்படித்தான். மூன்று மாதமாகக் கடைக்குப் போவதைத் தவிர வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்பதும் ஒரு வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே அவள் சொன்னதுதான்.

அந்த விளையாட்டுக்குப் புது அப்டேட் வந்ததும் என் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. எட்டு வருஷம் முன்னால் மகள் படிப்புக்காக வாங்கியது. அவள் வேலை கிடைத்து லேப்டாப்போடு போனபின் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். திரையில் லாரி இரண்டடி நகரும், நிற்கும், பிறகு திடீரென்று பள்ளத்தில் கிடக்கும். தங்கை ஓரமாக வண்டியை நிறுத்தி, விளக்கு மினுக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். ஐந்து ஞாயிறு அப்படிப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றியே ஆகவேண்டும், பழைய மதர்போர்டு எதைத் தாங்கும். லேபில் ரத்தம் எடுப்பது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். ஒரு பொருளைச் சந்தேகப்பட்டால் அதைச் சோதித்துப் பார்க்காமல் குற்றம் சொல்லக் கூடாது என்பது ஊறிப்போன பழக்கம். இரண்டு மாதம் சோதித்துப் பார்த்து முடிவுக்கு வந்தேன். பிராசஸர் இருக்கட்டும். ராம் மெமரி இரண்டும் போன வருஷம் நானே வாங்கி நானே மாட்டியவை, அவையும் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி, கைமாறிய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, அதைத் தாங்க ஒரு பவர் சப்ளை. இதற்குமேல் என்னிடம் பணமும் இல்லை, தேவையும் இல்லை.

இதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் மியூசியத்தில்தான் வைக்கணும், புதுசா ஒன்று போட்டுத் தருகிறேன் சார் என்றார். புதுசு வேண்டாம் என்றேன். கார்டை மட்டும் கொடுங்கள், மாட்டிக்கொள்ள எனக்குத் தெரியும் என்றேன். அவர்களே மாட்டினால்தான் வாரண்டியாம். சரி, ஒரு வருஷ வாரண்டியை ஏன் விடவேண்டும் என்று மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ரசீது போடும்போது என் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர், "சார் நம்பர் சொல்லுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல வீட்டுக்காரர் கடகடவென்று பத்து இலக்கத்தையும் சொல்லி முடித்தார்.

நாலாம் நாள் மெஷின் வந்தது. ரசீதில் நான் கேட்ட மூன்று பொருளோடு நாலாவதாக ஒரு வரி இருந்தது: ராம் ஒன்று, புதியது. வீட்டுக்காரரே போய்ப் பணம் கட்டி எடுத்து வந்திருந்தார். பழையதில் ஒன்று செத்துப்போய்விட்டதாம். போனில் கேட்டார்களாம்.

சனிக்கிழமை மதியம் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். லேபில் பேர் எழுதாத குழாய் எதுவும் என் கையைவிட்டுப் போகாது. அதே வழக்கத்தில், போன வருஷம் ராம் வாங்கியபோது அதன் தகட்டு மூடிமேல் லேப் மார்க்கரால் தேதியும் ஒன்று, இரண்டு என்று நம்பரும் எழுதியிருந்தேன். ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் அதே கம்பெனி, அதே நிறம், மேலே கடைப் பெயர் போட்ட பளபளப்பான வாரண்டி ஸ்டிக்கர். அது சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் மூடி வெளுத்து, எதையோ வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் நெம்பி மெல்ல உரித்தேன். அடியில் என் கையெழுத்து. தேதி, ஒரு கோடு, இரண்டு. லேப் மார்க்கர் ஸ்பிரிட்டுக்கு அழியாது. அழியக் கூடாது என்பதற்காகவே செய்தது.

என் பொருளை எனக்கே விற்றிருக்கிறார்கள். ராமைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனில் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று கேட்டேன்.

"ஏதோ ஒண்ணு போயிடுச்சு, மாத்தணும்னாங்க. சரின்னேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"நீ வேலையில இருந்த. இதுக்குப் போய் உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு."

"உங்க கடவாப் பல்லைப் பிடுங்கலாமான்னு யாராவது எனக்கு போன் பண்ணிக் கேட்டா, நீங்க ஆபீஸ்ல இருக்கீங்கன்னு நான் சரின்னு சொல்லிடவா?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். நல்ல மனிதர்தான். போனில் யார் எதைக் கேட்டாலும் சரி என்பது அவர் சுபாவம். அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டு இன்சூரன்ஸும் யாரும் படிக்காத ஒரு வாரப் பத்திரிகையும் இருக்கின்றன. ராமை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் எழுத்து அவருக்குத் தெரியும். ராமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விடு, கடைக்காரங்க நாலும் செய்வாங்க, அந்தப் பணத்த நான் தந்துடறேன் என்றார். கடைக்காரர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷம் இவர்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பணமா போனது? என் மேஜையைத் தாண்டி, என் தலையைத் தாண்டி, இரண்டு ஆண்கள் அரை நிமிஷத்தில் பேசி முடித்துக்கொண்டது அவருக்குப் புரியவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. கம்ப்யூட்டர் என்னவோ அருமையாக ஓடியது. பனி ஒவ்வொரு துகளாக விழுந்தது. முன்னால் போன தங்கை லாரியின் பின்பக்கத்தில் சேறு படிந்திருப்பதுகூடத் தெரிந்தது. எனக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு பாலம் வந்தது, ஒரு சுரங்கம் வந்தது.

"நான் சும்மா வேலைய விடல அக்கா," என்றாள். "ரெண்டு வருஷமா நான் பண்ணின வேலைய இன்னொருத்தன் பேர் போட்டு மீட்டிங்ல காட்டினாங்க. நானும் அந்த ரூம்லதான் உக்காந்திருந்தேன். கை தட்டினேன். அப்புறம் போகவே பிடிக்கல."

நீ கேட்கவே இல்லையா என்றேன். இல்லை என்றாள். சரக்கை இறக்கும் இடம்வரை அவள் பின்னாலேயே ஓட்டினேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கடைக்குப் போனேன். இரண்டு மணிக்குள் திரும்பவேண்டும். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, சார் வரலையா என்றார். ராமையும் உரித்த ஸ்டிக்கரையும் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். விஷயத்தை லேப் ரிப்போர்ட் வாசிப்பதுபோல, குரலை உயர்த்தாமல் சொன்னேன். அவர் ஸ்டிக்கரைத்தான் முதலில் எடுத்தார்.

"இத கிழிச்சா வாரண்டி போயிடும் மேடம்."

லேப்டாப்போடு காத்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே பெஞ்சில் வேலை செய்துகொண்டிருந்த நரைத்த தலை மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவர் நின்றது. தலை மட்டும் நிமிரவில்லை. எழுத்து என்னுடையது, தேதி போன வருஷத்தது, உங்கள் ரசீது போன வாரத்தது, இதற்கு விளக்கம் சொல்லுங்கள் என்றேன். ஒரு நாளைக்கு முப்பது மெஷின் வருகிறது, மாறியிருக்கும் என்றார். மாறியிருந்தால் வேறு யாருடையதாவது அல்லவா எனக்கு வந்திருக்கவேண்டும்? அவர் ஸ்டிக்கரைக் கீழே வைத்தார். "சார்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணோம்" என்றார்.

"மெஷின் என்னோடது. எங்கிட்ட கேட்டீங்களா?"

இழுப்பறையைத் திறந்து, நாலாவது வரியின் தொகையை எண்ணாமலே எடுத்து மேஜைமேல் தள்ளினார். பெரிசு பண்ணாதீங்க, கடையில் கஸ்டமர் இருக்காங்க என்று தணிந்த குரலில் சொன்னார். நான் பணத்தைத் தொடவில்லை. ராம் பழுதாகவில்லை, உங்களுடையதையே உங்களுக்கு விற்றுவிட்டோம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று கடைத் தாளில் எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அப்படியெல்லாம் எழுதுகிற வழக்கமில்லை என்றார். ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். லேப்டாப் பெண் தன் லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். போகவில்லை; அவளும் நின்று பார்த்தாள்.

அவர் போனை எடுத்தார். என் எதிரிலேயே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "சார், மேடம் கொஞ்சம் கோவமா இருக்காங்க, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். இவர் இப்போதும் சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் சரி என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

மணி ஒன்றே முக்கால். லேபில் மதிய நேரத்து வரிசை நிற்க ஆரம்பித்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கடைப் பெயர் அச்சிட்ட தாள்கட்டை முதலாளி முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கடைக்காரர் அவர் முதுகையே கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு ஒரு தாளைக் கிழித்தார்.

"சார் பேர்லதானே?"

"என் பேர்ல."

என்ன பேர் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதப்போனார், பேனா எழுதவில்லை. உதறினார். தாளின் ஓரத்தில் வட்டம் வட்டமாகச் சுழித்தார். காகிதத்தில் பள்ளம் மட்டும் விழுந்தது, மை இறங்கவில்லை. அவர் சுழித்துக்கொண்டே இருந்தார். நான் என் பெயரை மறுபடியும், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, சொல்ல ஆரம்பித்தேன்.